ஏறின ரெண்டு மில்லி

இல்லைங்க தம்பி, டயர் மேல குத்தம் இல்ல. டயர் கடைக்காரரத் திட்டி என்ன ஆகப்போவுது? இங்க குனிஞ்சு பாருங்க. வெளிப்பக்கம் புதுசாட்டம் இருக்கு, உள்பக்கம் மட்டும் தேஞ்சு கம்பி எட்டிப் பாக்குது. காரோட ஒசரத்த கொறச்சு இவ்ளோ தாழ்த்தினா சக்கரம் தலைய உள்ளாற சாய்ச்சுக்கும். அத நிமித்தறதுக்குத்தான் சக்கரத்தப் புடிச்சிருக்கற இந்த இரும்புக் கை, ஆர்ம். கம்பெனி ஆர்ம் ஒரே நீளம். இதுல நடுவுல மரை இருக்கு, திருகினா நீளும், குறையும். நூலளவு திருகினாலும் வளைவுல வண்டி திரும்பற விதமே வேற.

ஆங், நல்ல சாமான்தான். யாரு மாட்டினதா? நான்தான். ஏன் சிரிக்கறீங்க, நெசமாத்தான். இது எங்க தங்கச்சி வண்டி. போன மாசம் புரோக்கர்கிட்ட நாந்தான் தள்ளிவிட்டேன், கண்காணாம எங்கயாவது போகட்டும்னு. நீங்க என்னடான்னா விசாரிச்சு விசாரிச்சு என் பட்டறைக்கே ஓட்டிட்டு வந்து நிக்கறீங்க. ம், தாழ்த்தின வண்டி பாக்கற ஆளு இந்தப் பக்கம் நான் ஒருத்தன்தான். வேற எங்க போவீங்க?

அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, கிரீஸ். இதுல உக்காருங்க. உங்க எடை என்ன? அட, கேலிக்குக் கேக்கலைங்க. எண்பத்தி ஆறா? அப்ப சரி, அதான் சமாச்சாரம். இந்த மாதிரி வண்டிக்கு ஓட்டறவங்க சீட்டுல இருக்கறப்பதான் அளவு எடுக்கணும். ஆளு இல்லன்னா அதே எடைக்கு மணல் மூட்டை வெப்போம். மூலையில கெடக்கு பாருங்க, அதுதான்.

எங்க தங்கச்சி மூட்டைய வெக்க விடமாட்டா. நான் என்ன மூட்டைய விடக் கேவலமாண்ணேன்னு கேட்டுட்டு ஏறி உக்காந்துக்குவா. மூட்டையாவது வாய மூடிட்டு இருக்கும்டின்னு நான் சொல்லுவேன். வாய் ஓயவே ஓயாது அவளுக்கு. எங்க அம்மா போனப்போ அவளுக்கு ஒம்பது வயசு. நான்தான் தலை பின்னி பள்ளிக்கூடம் அனுப்பினேன். பின்னல் கோணையாத்தான் வரும். சக்கரத்த நேரா நிறுத்தறவனுக்கு இது வரலையேன்னு எப்பவும் கிண்டல்.

வேலைக்குப் போனதும் தனியா ரூம் எடுத்துட்டா. மாசம் ஒரு தடவ வருவா, வண்டிய சாக்கா வெச்சுட்டு. நல்லாருக்கியான்னு நான் கேட்டதில்ல தம்பி. வண்டி எப்படி ஓடுதுன்னு கேப்பேன். ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சுட்டேன்.

ஏன் வித்தேன்னுதானே கேக்கறீங்க? சொல்றேன், சொல்லிட்டுத்தான் வேலைய ஆரம்பிக்கணும்.

போன வருஷம் ஒரு தடவ அவள உக்கார வெச்சு அளக்கறேன், டிரைவர் பக்கம் வண்டி ஒரு மில்லிமீட்டர் ஏறி நிக்குது. சரி, நாமதான் போன தடவ தப்பா அளந்துட்டோம்னு ஆர்மத் திருகி சரி பண்ணினேன். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ஏத்தம். மறுபடி திருகினேன். அப்புறம் ஸ்ப்ரிங் மேல சந்தேகம் வந்து, ரெண்டு பக்கமும் புதுசு வாங்கி மாத்தினேன். அதுக்கப்புறமும் ஏறுச்சு. மொத்தம் ரெண்டு மில்லி இருக்கும், அவ்ளோதான். ராத்தூக்கம் இல்ல எனக்கு, என்னடா இது மானம் போவுதேன்னு.

ஸ்ப்ரிங் நாளாக நாளாக எறங்கும் தம்பி. தானா ஏறவே ஏறாது, மேல பாரம் கொறஞ்சாத்தான் ஏறும். முப்பது வருஷமா இதே வேலை, எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா நான் வண்டிக்கு அடியில பள்ளத்துக்குள்ள நின்னு சக்கரத்தையே பாத்துட்டு இருந்தேன். மேல சீட்டுல தொளதொளன்னு சட்டை போட்டுட்டு உக்காந்திருந்தவள நிமிந்து பாக்கல.

கடைசி தடவ வந்தப்போ, அண்ணே ஒண்ணு சொல்லணும்னா. அளவு மீட்டர்ல முள்ளு ஆடிட்டு இருந்துச்சு. அட, பேசாம அசையாம உக்காருடி, அளவு மாறுதுன்னு கீழேர்ந்து கத்தினேன். சரிண்ணேன்னா. அரை மணி நேரம் அப்படியே இருந்தா. வாய் ஓயாதவ, மூச்சு விடல. எனக்கு அது கூடத் தோணல தம்பி, இன்னிக்கு அளவு சுத்தமா வந்திருக்குன்னு சந்தோஷப்பட்டேன். முடிச்சு எறக்கினதும் ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு, வண்டி ரொம்ப நல்லா இருக்குண்ணேன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

அப்புறம் ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் போன் வந்துச்சு. கட்டில் தலைமாட்டுல தொங்கின அட்டையில எடை போட்டிருந்தாங்க, நாப்பத்தியொண்ணு. நான் மொதமொத ஆர்ம் மாட்டறப்போ அவ அம்பத்தெட்டு. அவளுக்கு இருந்ததே பதினோரு நாள்தான், கூடவே இருந்தேன். அன்னிக்கு என்னடி சொல்ல வந்தேன்னு கேட்டேன். அதான் பாத்துட்டியேண்ணேன்னு சிரிச்சா.

இல்ல இல்ல, நீங்க எதுக்கு வேற பட்டறைக்குப் போறீங்க? உக்காருங்க. இப்ப இந்த ஆர்ம் நாப்பத்தியொரு கிலோவுக்கு நிக்குது, நீங்க ஏறினா டயரத் திங்காம என்ன பண்ணும்? என்னிக்காவது ஒருத்தர் திருகித்தான் ஆகணும், அது நானா இருந்துட்டுப் போறேன். ஏறுங்க. சீட்டப் பின்னால தள்ளிட்டீங்க போலிருக்கு, அவ நல்லா முன்னால வெச்சுக்குவா.

என்னது, அசையாம இருக்கணுமா? வேணாம் தம்பி. முள்ளு ஆடினா ஆடட்டும், மறுபடி அளந்துக்கறேன். உங்க வீட்டுல யார் யாரு இருக்காங்க? சொல்லுங்க, கேக்குது எனக்கு.