மழைச்சோறு பலித்த வாரம்

சித்திரை வெயில் கொளுத்த வேண்டிய வாரத்தில், நாலாவது நாளாகத் தூறல். பல்லடம் பேருந்தில் ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டுக் குளிரில் உட்கார்ந்திருந்தோம். முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மழை நிக்கோணும்னு முருகனுக்கு வேண்டியிருக்கறனுங்கக்கா. ஊருக்குள்ள சொல்லிப்போடாதீங்க."

"ஏன் கண்ணு?"

"நாங்க வெளுத்துக் குடுக்கற பனியன் துணியெல்லாம் களத்துல காயவே மாட்டேங்குதுங்க. போனுல வானிலை பாத்தா, நம்ம பக்கமெல்லாம் இன்னும் அஞ்சு நாளைக்கு மழையாமா."

"போன வாரம் மழை வேணும்னு ஊடூடாப் போயி மழைச்சோறு வாங்குனப்ப, முன்னால சட்டி தூக்கிட்டுப் போனது நீதான?"

"நாந்தானுங்க. அதனாலதான் வாயத் தொறக்க முடியல."

மூத்தவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சோத்தத் திருப்பிக் குடுக்கவும் வழியில்ல கண்ணு. ரெண்டாந்தடவ கேட்டு வாங்கித் தின்னதும் நீதான?"