சொந்த எடை

...வரவேற்புரையில தம்பி ஒரு வார்த்தை சொன்னாரு. "நம்ம இசக்கியம்மாள் அக்கா இருக்கிற வரைக்கும் இந்தச் சங்கத்துக்கு என்ன கவலை? எல்லாத்தையும் ஒத்த ஆளா தாங்கிருவாங்க!" நீங்களும் கையைத் தட்டுனீங்க. நல்லாவே தட்டுனீங்க. எனக்கு மட்டும் சுருக்குனு இருந்துச்சு. ஏன்னு கேளுங்க. அதுக்கு ஒரு சின்னக் கதை வச்சிருக்கேன். பின்னாடி போன் நோண்டிக்கிட்டு இருக்கிற அண்ணே... உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

தெற்கே ஒரு இன்ஜினியரிங் காலேஜ். அங்க சிவில் படிக்கிற பொண்ணு செண்பகவல்லி. மைதானத்துக்குப் போற வழியில ஒரு ஓடை. அதுக்கு மேல மாணவர்களே ஒரு நடைபாலம் கட்டணும்னு முடிவாச்சு. ரெண்டு இரும்பு உத்திரம், அதுமேல கான்கிரீட் பலகை. இத்தனை பேர் ஏறுனா தாங்குமா, வளையுமா, முறியுமா... இதைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்டாட்டிக்ஸ்னும் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்னும் பாடம் வச்சுப் பிள்ளைங்க உயிரை எடுக்கிறாங்க.

சரி, கணக்கை யாரு போட்டா? வேற யாரு... "செண்பா, நீயே போட்டுரு." இரும்புக் கடைக்கு யாரு போறது? "செண்பா, நீயே போயிட்டு வந்துரு." முடியாதுன்னு சொல்ல அவளுக்கு வாய் வராது. துறைத் தலைவர் ஞானதுரை சாரும், "செண்பகவல்லி போட்டதா? அப்ப சரியாத்தான் இருக்கும்"னு தலையாட்டிட்டாரு.

திறப்பு விழா நாள். பக்கத்து ஸ்கூல் பிள்ளைங்க வரிசையா வந்து நிக்குது. ரிப்பன் வெட்டுனதும் அத்தனை பிள்ளைங்களும் பாலத்துல ஏறி நின்னு போட்டோ எடுக்கணும். செண்டை மேளம் முழங்குது. எல்லாரும் இருக்காங்க... செண்பகவல்லியைக் காணோம்.

அவ பரிட்சை ஹால்ல உக்காந்திருக்கா. ஒரு பேப்பர் அரியர். அதே பாடம்தான். இதை எழுதி முடிச்சாத்தான் ஒரு கம்பெனியில கைக்கு வந்த வேலை நிலைக்கும். கேள்வித்தாளைப் பிரிக்கிறா. முதல் கணக்கு... ஒரு உத்திரம், மேல இவ்வளவு பாரம், தாங்குமா? கடைசியில ஒரு வரி. "உத்திரத்தோட சொந்த எடையைக் கணக்குல சேக்க வேண்டாம்." கணக்கு சுளுவா இருக்கட்டும்னு எப்பவும் போடுற வரிதான். அவளுக்குப் பேனா நின்னுபோச்சு.

'நம்ம பாலத்துக்கு...? பிள்ளைங்க எடையைச் சேத்தேன். காத்தைச் சேத்தேன். அந்த இரும்பு... அந்தக் கான்கிரீட்டு... ஐயையோ! பழக்கதோஷத்துல விட்டுட்டேனே!'

எந்திரிச்சுட்டா. கண்காணிப்பாளர் வெளியூர்க்காரர். ஒரு அதட்டு அதட்டுனாரு.

"உக்காரும்மா!"

"சார், பாலத்துல பிள்ளைங்க ஏறக் கூடாது சார்! யாருக்காவது போன் போடுங்க சார்!"

"ஹாலுக்குள்ள எனக்கே போன் கிடையாது. இந்த மாதிரி எத்தனை கதை கேட்டிருக்கேன்! வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது. பேப்பர் போச்சு. யோசிச்சுக்கோ."

வெளிய மேளம் உச்சத்துக்குப் போகுது. அது நின்னா ரிப்பன் வெட்டப் போறாங்கன்னு அர்த்தம். உள்ள பேப்பர்... வெளிய பிள்ளைங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? எனக்குச் சொல்ல வேண்டாம், உங்க மனசுக்குள்ள சொல்லிக்கோங்க.

மேளம்... நின்னுருச்சு.

பேப்பரைப் போட்டுட்டு ஓடுனா பாருங்க! செருப்பு ஒரு பக்கம், துப்பட்டா ஒரு பக்கம். அவ போய்ச் சேரும்போது ரிப்பன் வெட்டியாச்சு, முன்வரிசைப் பிள்ளை காலைத் தூக்கியாச்சு. குறுக்க விழுந்து ரெண்டு கையையும் விரிச்சு நின்னுட்டா.

"ஏறாதீங்க! யாரும் ஏறாதீங்க!"

ஞானதுரை சாருக்கு முகம் செவந்துபோச்சு. "என்னம்மா இது? பெரியவங்க முன்னாடி மானத்தை வாங்குற?"

"சார்... எடையை நான் சேக்கவே இல்ல சார்."

"எந்த எடையை?"

"பாலத்தோட எடையைத்தான் சார்!"

அந்த மனுஷன் ஆடிப்போயிட்டாரு. பிள்ளைங்களைத் தூரமா நிக்க வச்சாங்க. கட்டுமானத்துக்குக் கொண்டுவந்த மணல் மூட்டை அங்கேயே கிடந்துச்சு. பிள்ளைங்களுக்குப் பதிலா அதைக் கரையில நின்னே ஒவ்வொண்ணா ஏத்திப் பாத்தாங்க. பாதியைத் தாண்டல... மடார்! பாலம் ஓடைக்குள்ள கிடந்துச்சு.

கூடப் படிக்கிற மாரிக்கண்ணன் அவகிட்ட ஓடி வந்தான். "காலையில இருந்து தேடுறோம், எங்க போயிருந்த செண்பா?"

"பரிட்சைக்கு."

"உனக்கு அரியரா? எப்படி?"

"அம்மாவை ஆஸ்பத்திரியில சேத்த அன்னிக்கு எழுதாம விட்டது. இன்னும் எந்திரிக்கல அம்மா. நான்தான் பாத்துக்கிறேன்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லியே!"

"நீங்க கேக்கவே இல்லியே மாரி..."

புரியுதா? பாலத்தோட எடையை அவ விட்டுட்டா. அவளோட எடையை இவங்க விட்டுட்டாங்க. அவ தப்பு ஒருநாள் தப்பு. இவங்க வருஷம் பூரா அதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. பிறகு அவ அந்தப் பேப்பரை எழுதிப் பாஸ் பண்ணுனா. ஆனா அந்த வேலை அவளுக்காகக் காத்திருக்கல. எனக்கு இன்னிக்கும் அதை நினைச்சா ஆத்திரமாத்தான் வருது.

அய்யா, அம்மா... உங்க ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஒரு செண்பகவல்லி இருக்கா. 'அவ பாத்துக்குவா', 'அண்ணன் இருக்கான்ல'... அவங்க தலையில இன்னொண்ணைத் தூக்கி வைக்கிறதுக்கு முன்னாடி, அவங்க ஏற்கனவே எதைச் சுமக்கிறாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா? தாங்குறவங்களுக்கும் சொந்த எடை உண்டுங்க! முறிஞ்ச பிறகு ஓடி வந்து, 'நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தா'ன்னு சொல்லி என்ன புண்ணியம்?

இதோ, இசக்கியம்மாள் அக்கா. கையில டீ தட்டோட அந்தத் தூண்கிட்ட நிக்கிறாங்க பாருங்க. நான் பேச ஆரம்பிச்சதுல இருந்து நின்னுக்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்களுக்காகக் கை தட்டுனீங்களே... 'சாப்பிட்டீங்களாக்கா'ன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?

இப்பக் கை தட்ட வேண்டாம். முன்வரிசைத் தம்பி, நீ எந்திரி. அந்தத் தட்டை வாங்கிக்கோ. அக்காவுக்கு ஒரு நாற்காலியைப் போடு.