கண்ணாடி ஏற்றிய கார்களுக்கும் வணக்கம்

அவைக்குத் தலைமையேற்று, அடிக்கொருதரம் கடிகாரத்தைப் பார்த்து என்னை அச்சுறுத்திக்கொண்டிருக்கும் நுரையீரல் மருத்துவர் அம்மையார் அவர்களே, ஆய்வகத்து அறிஞர்களே, ஆன்றோர்களே, பிள்ளையின் மூச்சுக்கென்றே ஒரு காதை ஒதுக்கி வைத்திருக்கும் தாய்மார்களே, வெளியே தனித்தனிக் காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செல்போனில் என்னைக் கேட்கும் எங்கள் கண்மணிகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஆகட்டும், ஆகட்டும். உள்ளே கைதட்டலும் கேட்டது, வெளியே ஹார்னும் கேட்டது. பிள்ளைகளுக்கான கூட்டத்தில் பிள்ளைகள் ஏன் வெளியே என்று புதியவர்கள் திகைக்கலாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் இந்தப் பிறவி நோயில் நுரையீரல் சளி பசையாக இறுகும். அதில் கிருமி குடியேறும். ஒரு பிள்ளையின் கிருமி இன்னொரு பிள்ளைக்கு எமன். அதனால் இந்த நோயுள்ள இருவர் ஓர் அறையில் உட்காருவதில்லை.

நான் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவன். தீ ஓர் அறையைத் தின்றிருக்கும். நாங்கள் பீய்ச்சிய தண்ணீர் வீட்டையே பாழாக்கியிருக்கும். நுரையீரலிலும் அதுதான் கதை என்றார் அம்மையார். உடம்போடு பிறந்த காவல்படை ஒன்று உண்டு, வெள்ளை அணுக்கள். கிருமியைக் கண்டதும் ஓடி வரும். வந்த படை திரும்பிப் போகிறதா? போவதில்லை. பசையில் சிக்கிச் செத்து, கிருமியைக் கரைக்க வைத்திருந்த சரக்கை நுரையீரல் மீதே கொட்டுகிறது.

அந்தப் படையையே வரவிடாமல் தடுக்கும் மருந்தொன்றை முன்பு சோதித்தார்கள். என் அக்கா மகள் அதைச் சாப்பிட்டாள். வயது இருபத்திரண்டு, வாய்க்கு மட்டும் அறுபது. அவளுக்கு இருமல் நின்றது. வீடே கொண்டாடியது. அக்கா நிம்மதியாகத் தூங்கினாள். இருமல் நின்றால் எந்த வீடு சந்தேகப்படும், சொல்லுங்கள்? காவலில்லாத அந்த அமைதியில் கிருமி பெருகிவிட்டது. மூச்சுக் கருவி மாட்டித்தான் அவளை மீட்டார்கள். அந்த மருந்தையும் அத்தோடு கைவிட்டார்கள்.

இப்போது புதிய மருந்து. இது படையைத் தடுக்காது. கொட்டும் சரக்கை மட்டும் குறைக்கும். எங்கள் பாஷையில் சொன்னால், குழாயை மூடாதே, வேகத்தைக் குறை. நாளைக் காலை இதை முதலில் சாப்பிட முன்வந்திருப்பவளும் அவளே. பலிக்குமா? தெரியாது. அம்மையாரே தெரியாது என்றுதான் சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் அவரை நம்புகிறேன்.

ஆனால், "அம்மா சரின்னு சொல்லட்டும் மாமா, இல்லன்னா நான் சாப்பிடல" என்கிறாள் அவள். அக்காவோ இன்னும் சரி சொல்லவில்லை. அதோ, முதல் வரிசையில் இருக்கிறாள்.

என்னக்கா? எழுந்துவிட்டாள். மைக்கை அங்கே கொடுங்கள்.

"அவ இருமுற சத்தத்த வெச்சுத்தான்டா எனக்கு எல்லாம் தெரியும். இந்த மருந்தும் அத நிறுத்திட்டா, உள்ள என்ன நடக்குதுன்னு நான் எத வெச்சுக் கண்டுபிடிப்பேன்?"

கேட்டீர்களா? அம்மையார் சொல்கிறார்: வாராவாரம் சளியும் ரத்தமும் சோதிப்பார்களாம், கிருமி ஏறினால் அன்றே மருந்து நிற்குமாம். அக்கா, போன தடவை அமைதியை நம்பி ஏமாந்தோம். இந்தத் தடவை அமைதியையும் சோதித்துத்தான் நம்புவோம்.

பொறுங்கள், என் போன் மின்னுகிறது. காரிலிருந்து அவள்தான் எழுதியிருக்கிறாள். படிக்கிறேன், அக்கா. "இருமல் நின்னா ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருக்கேன். அதுக்கு மூச்சு வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு மாமா."

அதோ, அடிக்கிறாள்.

அக்கா சிரிக்கிறாள். அழுதுகொண்டேதான், ஆனால் சிரிக்கிறாள். என்னக்கா சொல்கிறாய்? "சரி, சாப்பிடச் சொல்லு. ஆனா தினமும் அடிக்கச் சொல்லு."

கேட்டுக்கொண்டாயா, மகளே?

அவையோரே, இடம் தந்த தலைவருக்கும், செவி தந்த உங்களுக்கும் நன்றி. யாரும் வாசலில் கூட வேண்டாம். கார்கள் ஒவ்வொன்றாகப் போகட்டும். மகளின் கார்தான் முதலில்; அதில் என் அக்கா ஏற வேண்டும், அவளுக்கு வழிவிடுங்கள். வணக்கம்.