திறந்ததும் வரும் பலகை

— "இடம்: ஆண்டர்சன்பேட்டை, எங்கள் வீடு. இருந்தவர்கள்: பார்வதம்மா, தையல் மிஷின் ஸ்டூலில். மகள் மமதா, பாயில், மடியில் லேப்டாப். கணவர் துரை, கட்டில் ஓரத்தில், டீ கிளாசுடன்." எழுதிட்டேன். அப்புறம்?

— அம்மா, இது உன் மகளிர் சங்கத்து மினிட்ஸ் இல்ல. மைசூர் ஹாஸ்டலுக்கு. நான் அங்க தங்க சம்மதம்னு எழுதி கையெழுத்து போட்டா போதும். இன்னிக்கு தபால்ல போகலேன்னா ரூம் போச்சு, அங்க கெடச்ச வேலையும் போச்சு.

— யார் யார் இருந்தாங்கன்னு எழுதாம நான் எதுலயும் கையெழுத்து போட்டதில்லடி.

— டீயையே எழுதிட்டே பார்வதி, சர்க்கரை கம்மின்னு சேத்துக்க.

— நீங்க சும்மா இருங்க. மமதா, எனக்கு கை வரல. எங்கப்பா தங்கச் சொரங்கத்து ஷாஃப்ட் வாசல் பலகையில டோக்கன மாட்டிட்டுத்தான் கேஜ்ல உள்ள எறங்குனாரு. ஷிஃப்ட் முடிஞ்சு மேல வந்தவங்க எல்லாம் அவங்கவங்க டோக்கன எடுத்துக்கினு போயிட்டாங்க. அவருது மட்டும் ஆணியிலேயே தொங்கிச்சு. எனக்கு பத்து வயசு.

— தெரியும்மா. அதான் இத பண்ணேன், பாரு. ஜாக்கெட் மாடல் பாக்க தினம் நெட் தொறக்கறே இல்ல? இனிமே தொறந்ததும் இந்தப் பக்கம்தான் மொதல்ல வரும். மேல உன் மாடல் எல்லாம். பக்கத்துல ட்ரெயின் டைம். நடுவுல இது.

— இன்னாடி இது, வட்ட வட்டமா? ஆணி வேற வரைஞ்சிருக்கே.

— டோக்கன் பலகை. இது அப்பாது, இது என்னுது. வெளிய கெளம்பும்போது போன்ல தட்டுனா டோக்கன் ஆணியில ஏறும். அப்பா வீட்டுக்கு, நான் ஹாஸ்டலுக்கு திரும்பி வந்து தட்டுனா எறங்கிடும்.

— நீ தட்ட மறந்துட்டா?

— ராத்திரி ஒம்போது மணிக்கு மேல தொங்கினா செவப்பாயிடும். ஒடனே போன் பண்ணு.

— உங்கப்பாது இப்பவே செவப்பா தொங்குது. ஆளு இங்க டீ குடிக்கறாரு.

— நேத்து பெங்களூர் வேலையிலேருந்து வந்து தட்டல பார்வதி. இரு, தட்றேன்.

— எறங்கிடுச்சு.

— நீயும் ஒருநாள் ட்ரெயின் ஏறேன். தையல் சொல்லிக்குடுக்க வாங்கன்னு பங்காருபேட்டையிலேருந்து மூணு வாட்டி லெட்டர் வந்தாச்சு. நீ நம்மூரு கோரமண்டல் ஸ்டேஷன தாண்ட மாட்டேங்கறே.

— அந்தப் பேச்சு இப்ப எதுக்கு? "மகள் மைசூரில் தங்க எனக்கு முழுச் சம்மதம். பார்வதம்மா." சரியாடி?

— சரிம்மா. கையெழுத்துதான் ஆச்சே, இன்னும் இன்னா எழுதறே?

— நீ கோந்து எடு. ம், ஒட்டியாச்சு. இந்தாங்க, தபாலாபீஸ் மூடறதுக்குள்ள போய் சேத்துடுங்க.

— இன்னா பார்வதி, ரெண்டு கவரு இருக்குது?

— இன்னொண்ணு பங்காருபேட்டைக்கு. மமதா, அந்தப் பலகையில எனக்கும் ஒரு ஆணி அடி.