ஆடியில் தொடங்கும் கல்லூரி

— நாளந்தாவுக்கு அப்புறம் இந்த நாட்டுல குருவும் சீடனும் சரிசமமா உக்காந்து படிக்கிற எடம், நயினாரே, ஆரணியில இந்த மாணிக்கவேலோட கல்லூரி ஒண்ணுதான்.

— நாற்காலி ஒண்ணுதான இருக்குது சார்?

— அது வாத்தியாருக்கும்மா. உங்களுக்கு ஜமக்காளம். கனகவதிதான உன் பேரு? பாத்தியா, அதுக்குள்ள பேரு தெரிஞ்சுபோச்சு. வேலூர்ல ஆயிரம் பேருல உன்னை யாரு பேர் சொல்லிக் கூப்பிடுவான்? இங்க ஏழே பேரு. எல்லாம் ஒரே குடும்பம். எவன் யாரோட பேசினாலும் சாயங்காலத்துக்குள்ள எனக்கு வந்துடும்.

— அதுதான் எனக்குப் புடிச்சுது மாணிக்கவேல்.

— அப்பா, வேலூர்ல கணக்குக்கு எடம் குடுத்திருக்காங்க. இங்க சரித்திரம் மட்டுந்தான்.

— வேலூர் பஸ்ஸு வந்து சேரும்போதே பொழுது சாஞ்சிடும் கனகா. விளக்கு வச்சப்புறம் நம்ம ஜைன சனத்துல யாரும் வாயில பருக்கை வைக்கிறதில்ல. மூணு வருசம் ராப்பட்டினி கெடப்பியா?

— கெடப்பேம்பா.

— கேட்டீங்களா மாணிக்கவேல்? ஒரு மாசமா இப்படித்தான் பேசிகினு இருக்குது. பேஜாரா போச்சு.

— இங்க எதுக்கும்மா பட்டினி? மூணு மணிக்கே விட்டுடுவோம். ஐந்நூறு பேருக்குப் பாத்திரம் இருக்குது. எந்தக் காலேஜ்ல இருக்குது?

— பட்டம் குடுப்பீங்களா சார்?

— அங்கீகாரம் வந்துகினே இருக்குது.

— எப்பலேர்ந்து?

— எழுபத்தஞ்சுலேர்ந்து.

— அப்பா, இது எழுபத்தொம்பது.

— இங்க சேரு. இல்லன்னா வீட்ல இரு.

— சரி. சரித்திரமே படிக்கிறேன். எப்ப சார் ஆரம்பம்?

— ஆடி பொறந்ததும். ஆடியில மண்டபத்தை யாரும் கேக்க மாட்டாங்க. முப்பது நாளும் பாடம் பிரமாதமா நடக்கும்.

— ஆவணியில?

— முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் லீவு. கல்யாண மண்டபம்னா அப்படித்தான்.

— பரவால்ல சார். அன்னிக்கெல்லாம் வீட்ல உக்காந்து படிச்சுக்குறேன். எப்படியாவது முடிச்சிடணும்.

— மாணிக்கவேல், நாங்க கெளம்புறோம். போளூர் பஸ்ஸு வந்துடும். எழுந்திரு கனகா, ஜல்தி.

— இருங்க நயினாரே. கொழந்தை ஆர்வமா கேக்குது. ஆவணி கடைசி முகூர்த்தத்துக்கு மட்டும் படிக்கிறேன்னு வீட்ல உக்காந்துடாதம்மா. காலேஜ் பொண்ணுதான் வேணும்னு கேட்டவங்க வந்தவாசியிலேர்ந்து வர்றாங்க. அது உன் கல்யாணம்.