படகு திரும்பும் பருவம்

அவள்: பாரு, மறுபடியும் கொட்டாவி விடறார்.

அவன்: கொட்டாவி இல்லை. யோசிக்கிறார்.

அவள்: வாயைப் பிளந்துக்கிட்டா?

அவன்: சிலர் அப்படித்தான் யோசிப்பாங்க. உங்க அண்ணன் இல்லையா?

அவள்: எங்க அண்ணனை எதுக்கு இழுக்கறே? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற மனுஷன் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவர். நம்ம முதல் கம்ப்யூட்டர் ஆட்டம்னா அவருக்கு உயிர். ரெண்டாம் பாகத்தை வெளிய வர்றதுக்கு முன்னாடி ஆடிப் பார்க்கலாம்னு கூப்பிட்டதும், லீவு போட்டுட்டு ஓடி வந்திருக்கார். வந்ததுலேர்ந்து உப்பு வரி வசூல் பண்ணிக்கிட்டிருக்கார்.

அவன்: உப்பு முக்கியம். உப்பு இல்லைன்னா மீன் கெட்டுப் போகும். மீன் கெட்டா படைக்குச் சாப்பாடு இல்லை...

அவள்: படைக்குச் சாப்பாடு இல்லைன்னா தளபதி கோவிச்சுக்குவான். தளபதியோட மாமனார் பக்கத்துத் தீவு ராஜா. தெரியும்பா, நானும் இங்கதான் வேலை பார்க்கறேன்.

அவன்: அதுக்குப் பேர்தான் ஆழம்.

அவள்: அதுக்குப் பேர் வேலை. அந்த மனுஷன் ஊருக்கு வரி கட்டறது பத்தாதுன்னு, இங்க வந்து வேற கணக்குப் பார்க்கணுமா? முதல் ஆட்டத்துல என்ன இருந்துச்சு? ஆள், தானியம், படகு. அதை வச்சே ஜனங்க சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தாங்க.

அவன்: அதையே திரும்பக் குடுத்தா, பழசுக்குப் பெயிண்ட் அடிச்சு விக்கறாங்கன்னு அவங்களே திட்டுவாங்க. புதுசா ஏதாவது வேண்டாமா?

அவள்: ஏதாவது வேணும். எல்லாமே வேண்டாம். புதுசா வர்றவன் முதல் திரையைப் பார்த்ததும் மூடி வச்சுட்டுப் போயிடுவான்.

அவன்: அவங்களுக்காகத்தானே 'மந்திரி பார்த்துக்கட்டும்'னு ஒரு பொத்தான் வச்சிருக்கேன்.

அவள்: மந்திரிகிட்ட விட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்னா, அந்த வேலை ஆட்டத்துல எதுக்கு? பாரு, அந்தப் பொத்தானை அழுத்திட்டார்.

அவன்: எதை மந்திரிக்கு விட்டார்?

அவள்: எல்லாத்தையும். இப்ப ஃபோனை எடுத்துட்டார். ராஜ்யம் தானா நடந்துக்கிட்டிருக்கு.

அவன்: சார்ஜ் இருக்கான்னு பார்ப்பார்...

அவள்: விளையாடாதே. முன்னாடி ஆடிப் பார்க்க வந்தவங்க மாதிரி இவரும் பாதியில எழுந்து போனா, பணம் போட்ட கம்பெனி இந்தத் தடவை கையைக் கழுவிடும். நேத்தே சொல்லிட்டாங்க. வெளியில உட்கார்ந்திருக்கிற பசங்களுக்கெல்லாம் வேலை போகும். மைக்கைப் போடு... சார், எப்படிப் போகுது?

எக்ஸ்ரேக்காரர்: நல்லாத்தாங்க இருக்கு. நிறைய இருக்கு.

அவள்: நிறையன்னா?

எக்ஸ்ரேக்காரர்: எங்க இடத்துல ஷிஃப்ட் மாறும்போது, முன்னாடி இருந்தவர் ஒவ்வொண்ணா ஒப்படைச்சுட்டுப் போவார் பாருங்க... அந்த மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கேன். நான் எப்ப ஆரம்பிக்கணும்னுதான் தெரியலை.

அவள்: ஒரு டீ குடிச்சுட்டு வாங்க சார். வேற ஒண்ணு போட்டு வைக்கறோம்.

அவன்: வேற ஒண்ணா? மைக்கை அணைச்சுட்டுச் சொல்லு. வேற எது இருக்கு நம்மகிட்ட?

அவள்: நான் பண்ணி வச்சது ஒண்ணு இருக்கு. உப்பு, வரி, வதந்தி, கல்யாணத் திரை, வானிலைத் திரை எதுவும் அதுல கிடையாது.

அவன்: அப்ப அது முதல் ஆட்டம்தானே?

அவள்: ஒரே ஒரு விதி கூட. புயல் பருவம் ஆரம்பிச்சா, வெளியில போன படகு திரும்பாது. பருவம் முடிஞ்சுதான் வரும்.

அவன்: அவ்வளவுதானா?

அவள்: அவ்வளவுதான்.

அவன்: இதுக்கா இவ்வளவு... இரு. புயலுக்கு முன்னாடி ஆளை அனுப்பிட்டா, அறுவடைக்கு ஆள் இருக்காது.

அவள்: ம்.

அவன்: அனுப்பலைன்னா அடுத்த தீவை எதிராளி பிடிச்சுடுவான்.

அவள்: ம்.

அவன்: அவன் படகும் நம்ம கரையில மாட்டிக்குமே. அவன் ஆளுங்களுக்கு நாமளா சோறு போடறது?

அவள்: போட்டா பாதிப் பேர் இங்கயே தங்கிடுவாங்க. வயிறு நிறையற இடத்துல ஆள் தங்கும்னு முதல் ஆட்டத்துலயே நீதான் விதி எழுதினே. நான் எதையும் தொடலை.

அவன்: வதந்தி, கல்யாணம்னு ரெண்டு திரை போட்டு நான் வர வைக்கப் பார்த்தது இதைத்தான்...

அவள்: வந்துட்டார். உட்காரு... ஃபோனைக் கவுத்து வச்சுட்டார்.

அவன்: எதுக்கு எழுந்து நிக்கறார்? போறாரா?

அவள்: இல்லை. அவர் படகெல்லாம் வெளியில இருக்கு. வானம் கறுத்துடுச்சு. மைக்கைப் போடு, ஏதோ கேக்கறார்.

எக்ஸ்ரேக்காரர்: ஏங்க, இவங்களைத் திருப்பிக் கூப்பிட முடியாதா?

அவன்: முடியாது சார்.

எக்ஸ்ரேக்காரர்: சரி... கரையில இருக்கிறவங்களை வச்சு... இருங்க, கொஞ்சம் பேசாதீங்க.

அவள்: சார், உங்களுக்குச் சொன்ன நேரம் முடிஞ்சு போச்சு. கிளம்பணும்னா கிளம்பலாம்.

எக்ஸ்ரேக்காரர்: அவங்க வந்து சேரட்டுங்க. போயிடறேன்.

அவள்: மைக்கை அணை.

அவன்: அப்ப முடிஞ்சுது.

அவள்: முடிஞ்ச மாதிரிதான். சத்தம் சேர்க்கணும், எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கணும். அடுத்த மாசம் வெளியிட்டுடலாம்.

அவன்: வக்கீலுக்கு யார் ஃபோன் பண்றது? நீயா, நானா?

அவள்: நான் பண்றேன். ஆட்டம் வெளிய வந்ததும் கையெழுத்துன்னுதானே பேசி வச்சோம்.

அவன்: ம்... வீட்டுல உன் சாமானெல்லாம்?

அவள்: அலமாரி மட்டும் போதும். பூனை உன்கிட்டயே இருக்கட்டும். அதுக்கு அந்த ஜன்னல்தான் பழக்கம்.

அவன்: அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

அவள்: அத்தைகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ சொன்னா உளறி வைப்பே.

அவன்: ஒண்ணு கேக்கட்டுமா?

அவள்: கேளு.

அவன்: ஆட்டம் முடியப் போற நேரமெல்லாம் நான் புதுசா ஒண்ணைத் தூக்கிட்டு வந்தேனே... எதுக்குன்னு உனக்குப் புரியலையா?

அவள்: புரிஞ்சுது.

அவன்: புரிஞ்சும் வெட்டு வெட்டுன்னு நின்னே. சீக்கிரம் முடிச்சுட்டுக் கிளம்பணும்னு உனக்கு அவசரம்னு நினைச்சுக்கிட்டேன்.

அவள்: நினைச்சுக்கோ.

அவன்: சரி விடு. இந்தப் படகு விதி நல்லா இருக்கு. எப்ப தோணுச்சு? நேத்து கம்பெனிக்காரங்க பேசினதுக்கு அப்புறமா?

அவள்: போன வருஷம். சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்... அதான் சொல்லலை.