ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிறையும் தொட்டி

சங்கிலிமுத்து: சாவியக் குடு வேல்விழி. பேச்ச வளக்காத.

வேல்விழி: எதுக்குண்ணாச்சி குடுக்கணும்? ஊர்க்கூட்டத்துல வச்சு எங்கிட்டக் குடுத்த மோட்டார் ரூம் சாவி இது. நீங்க ஒத்த ஆளா வந்து நின்னா...

சங்கிலிமுத்து: நான் வார்டு மெம்பரு தாயி! மூணு வாரமாத் தொட்டி ரொம்பல. பொம்பளைக கொடத்தத் தூக்கிக்கிட்டு தோட்டத்துக் கெணத்துக்கு அலையுறாக. நாளைக்குக் கூட்டத்துல சொல்லி இந்தச் சோலாரக் கழத்தி அனுப்பிட்டு, பழைய கரண்டு மோட்டாரையே மாட்டப்போறோம்.

வேல்விழி: நல்லா இருக்கே! பகல்ல பாதி நேரம் கரண்டே இல்லன்னுதான ஊரே கையெழுத்துப் போட்டு இத வாங்குனோம்? நம்ம ஊரு வெயிலுக்கு ஓடாத சோலாரு வேற எங்க ஓடும்?

சங்கிலிமுத்து: அதத்தான் நானும் கேக்குறேன். ஓடலியே! கம்பெனிக்காரன் மட்டமான தகட்டத் தலையில கட்டிட்டான். இல்லேன்னா நீ ஒழுங்காப் பாக்கல.

வேல்விழி: யாரு, நானா? தெனமும் தகட்டச் சொரண்டிச் சொரண்டிக் கையே போச்சு! இந்தா, நகத்துக்குள்ள பாருங்க.

சங்கிலிமுத்து: என்னது... வெள்ளையா...

வேல்விழி: மைதாப் பசை. சோலார் தகட்டுல மைதாப் பசை எப்பிடி வந்துச்சு?

சங்கிலிமுத்து: காக்கா எச்சமா இருக்கும்...

வேல்விழி: ஆமா, காக்கா உக்காந்து பட்டாசுக்குக் காயிதக் குழாய் சுத்துதாக்கும்!

சங்கிலிமுத்து: மெதுவாப் பேசு புள்ள.

வேல்விழி: ஏன் மெதுவாப் பேசணும்? ஞாயித்துக்கெழம மட்டும் தொட்டி ரொம்பி வழியுதே, கவனிச்சீகளா? அன்னைக்கு ஒரு வீட்டுலயும் குழாய் சுத்துறதில்ல. மத்த ஆறு நாளும் பசை காயுறதுக்குத் தகட்டு மேல சாக்க விரிச்சு, குழாயக் கட்டுக்கட்டா அடுக்கிர்றாக. வெயிலே படாத தகட்ட வச்சுக்கிட்டு மோட்டாரு எப்பிடி ஓடும்? கம்பெனிக்காரனாம், மட்டத் தகடாம்!

சங்கிலிமுத்து: அவுகளும் என்ன செய்வாக? தீவாளி சீசன். தூத்தல்ல தரையெல்லாம் ஈரம். தகட்டு மேல போட்டா மதியத்துக்குள்ள கல்லு மாதிரி காஞ்சிருது...

வேல்விழி: மதியத்துக்குள்ள காயும்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?

சங்கிலிமுத்து: எங்க வீட்டுக் குழாயும் அங்கனதான் கெடக்கு. லேட்டாக் குடுத்தா பட்டாசு ஏஜெண்டு அடுத்த லோடு தரமாட்டேங்குறான். நாளைக்குக் கூட்டத்துல இது தெரிஞ்சா மெம்பரு மூஞ்சியில காறித் துப்புவாக. அதான், தகட்டையே கழத்திட்டா...

வேல்விழி: ஒங்க மூஞ்சியக் காப்பாத்த ஊருத் தண்ணியில கை வைப்பீகளா? வெக்கமா இல்ல? நாலு கம்ப நட்டுத் தகரத்தப் போட்டா அதுலயே காயாதா குழாயி?

சங்கிலிமுத்து: போதும், நிறுத்து! எல்லாந் தெரிஞ்சவ மூணு வாரமா ஏன் வாயத் தொறக்கல?

வேல்விழி: மொதநாளு தகட்டச் சுத்தியிருக்குற வேலியத் தொறந்து குழாயக் காயப் போட்டவளே நாந்தாண்ணாச்சி. அதப் பாத்துட்டுத்தான் ஊரே வந்துச்சு. அப்புறம் எந்த வாய வச்சு வேணாம்னு சொல்ல? சாவிய ஒங்ககிட்டத் தரமாட்டேன். நாளைக்குக் கூட்டத்துல வைக்கிறேன். நீங்களும் வாங்க, ரெண்டு பேருமா நின்னு வாங்கிக் கட்டிக்கிருவோம்.